பெரிய ஸ்கேன் என்று ஒன்று இல்லை

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு வலது மேல் வயிற்றில் வலி. பக்கத்திலுள்ள சிறிய மருத்துவமனையில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்புறம் அல்ட்ராசவுண்ட், மறுநாள் சிடி. ஆரம்பத்திலேயே சிடியோ எம்ஆர்ஐயோ எடுத்திருந்தால் ஒரே வேலையாக முடிந்திருக்குமே? இத்தனை ஸ்கேன் எடுத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லையா? படம் எடுத்தவரே ஏன் ஒன்றும் சொல்லவில்லை? சின்ன மருத்துவமனை ஸ்கேனை நம்பலாமா?"

எக்ஸ்ரே சாதாரணம், அல்ட்ராசவுண்ட் அதைவிடக் கொஞ்சம் மேல், சிடி அதற்கும் மேல், எம்ஆர்ஐ எல்லாவற்றுக்கும் மேல் என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஸ்கேன் அறையில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு தரவரிசையே கிடையாது. ஒவ்வொரு மெஷினும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது. எக்ஸ்ரேயும் சிடியும் உடம்பின் எந்த இடம் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கின்றன. அல்ட்ராசவுண்ட், ஒலி எங்கே பட்டுத் திரும்புகிறது என்று பார்க்கிறது. எம்ஆர்ஐ, உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனிக்கிறது. ஒன்றில் பளிச்சென்று தெரிவது இன்னொன்றில் சுத்தமாகத் தெரியாமல் போகலாம். டாக்டர் மனதில் என்ன கேள்வி இருக்கிறதோ, அதை வைத்துத்தான் எந்த ஸ்கேன் என்று முடிவாகும்.

உங்கள் அப்பாவின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வலது மேல் வயிற்று வலி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பித்தப்பைக் கல். அதற்கு முதல் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட்தான். எவ்வளவு பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். பித்தப்பைக் கற்களில் ஒரு பங்கு, பித்தநீர் எவ்வளவு கதிரைத் தடுக்குமோ கிட்டத்தட்ட அதே அளவுதான் தடுக்கும். அதனால் சிடியில் கல்லும் பித்தநீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். கல் இருந்தும் தெரியாது. அதே கல் அல்ட்ராசவுண்டில் தப்பவே தப்பாது என்று சொல்ல முடியாவிட்டாலும், தப்புவது அபூர்வம். ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியான ப்ரோபை விலா எலும்புக்குக் கீழே வைத்தால் பித்தப்பை கறுப்பாகத் தெரியும். உள்ளே கல் இருந்தால் ஒரு வெள்ளைப் பிறை, அதற்குப் பின்னால் நேராக விழுகிற கறுப்பு நிழல். நோயாளியை இடது பக்கமாக ஒருக்களிக்கச் சொன்னால் கல் உருண்டு இடம் மாறும். மாறாமல் சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அது கல்லாக இல்லாமல் சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கலாம். பையின் கழுத்தில் மாட்டிக்கொண்ட கல்லாகவும் இருக்கலாம். அப்படியே ப்ரோபால் பித்தப்பைக்கு நேர் மேலே அழுத்தி, "இங்கேதானா வலி?" என்று கேட்கவும் முடியும். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு துடித்தால் பித்தப்பையில் வீக்கம் இருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல ஆதாரம். சிடி மெஷினால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

அப்படியானால் முதலில் எக்ஸ்ரே எதற்கு? மேல் வயிற்று வலியோடு வருகிறவரை நிற்க வைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதற்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்திருந்தால் வெளியே வந்த காற்று மேலே ஏறி, உதரவிதானத்துக்கு அடியில் கறுப்புக் கோடாக நிற்கும். அதைக் கண்டால் அடுத்த நிமிடமே அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். இன்னொன்று, நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா இருந்தால் அது வயிற்று வலியாகவே வெளிப்படுவதுண்டு. வயிறு வலிக்கிறது என்று வந்தவருக்கு நெஞ்சைப் படம் எடுக்கிறார்களே என்று வீட்டார் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் சிடி எடுத்ததற்குக் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: குடல் காற்று மறைத்ததால் அல்ட்ராசவுண்டில் கணையம் தெரிந்திருக்காது, பித்தப்பை நன்றாக இருந்து, வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும், அல்லது பித்தப்பைச் சுவர் கெட்டுப்போனதா, சீழ் வெளியே பரவியதா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். முதல் ஸ்கேன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி, அடுத்த கேள்வியை எழுப்பியிருக்கிறது. முதல் நாளே சிடி எடுத்திருந்தாலும் பித்தப்பைக்காக அல்ட்ராசவுண்டுக்குத் திரும்ப வர வேண்டியிருந்திருக்கும்.

இனி ஒவ்வொரு ஸ்கேனாகக் கொஞ்சம் பார்ப்போம்.

எக்ஸ்ரேக்கு வயது 130-ஐத் தாண்டிவிட்டது. 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் ராண்ட்ஜென் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் எடுத்தார், 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றைக்கும் சிறிய மருத்துவமனையில் அதிகம் ஓடுகிற மெஷின் இதுதான். எலும்பு முறிவு, நெஞ்சுச் சளி, விழுங்கிய நாணயம், ஊசி, இவற்றுக்கெல்லாம் இதை மிஞ்சத் தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல்படம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். அதனால்தான் கையை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று திருப்பித் திருப்பி எடுக்கிறோம். வலிக்கிற கையைத் திருப்பச் சொல்கிறார்களே என்று கோபம் வரும், தெரியும். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் எலும்பு ஒழுங்காகச் சேர்ந்திருப்பது போலவே தெரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் பாதி விலகியிருக்கும்.

மணிக்கட்டில் ஒரு எலும்பு இருக்கிறது, ஸ்கேஃபாய்ட் என்று பெயர். கையை ஊன்றிக் கீழே விழுந்தவர்களுக்குக் கட்டைவிரலின் அடியில், குழியான இடத்தில் அழுத்தினால் வலிக்கும். அந்த எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம். அதனால் படம் நார்மலாக இருந்தாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். எம்ஆர்ஐ வசதி இருந்தால் முன்னாலேயே எடுத்துப் பார்த்துவிடலாம். "எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லிவிட்டு எதற்குக் கட்டு?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. டாக்டர் படத்தை மட்டும் நம்பாமல் கையை நம்பியிருக்கிறார், அது நல்ல டாக்டருக்கு அடையாளம்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது, "நன்றாக மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று சொல்வது சடங்குக்காக அல்ல. பாதி மூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெள்ளையாகி, இல்லாத சளி இருப்பது போலக் காட்டும். இதயமும் பெரிதாகத் தெரியும். படுக்கையிலேயே வைத்து நடமாடும் மெஷினால் எடுத்த படத்திலும் இதயம் நிஜ அளவைவிடப் பெரிதாகத்தான் விழும். "போன தடவை இதயம் பெரிதாக இருக்கிறது என்றார்கள், இந்தத் தடவை இல்லை என்கிறார்கள்" என்ற குழப்பம் வந்தால், இரண்டும் எப்படி எடுக்கப்பட்டன என்று முதலில் கேளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் மெஷினைவிட ஆள்தான் முக்கியம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "புது மெஷின் வந்திருக்கிறதாம்" என்று தேடிப் போகிறவர்கள் அதிகம். மற்ற ஸ்கேன்களில் படம் முழுதாகச் சேமிக்கப்படும், அப்புறம் யாரும் திரும்ப உட்கார்ந்து பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் கையில் ப்ரோப் இருக்கும் நிமிடத்தில் பார்த்ததுதான் பார்த்தது. சேமித்து வைக்கும் சில படங்கள், ஏற்கெனவே கண்டுபிடித்ததற்குச் சாட்சி மட்டுமே. நிதானமாகப் பார்க்கிற அனுபவசாலி பழைய மெஷினில் கண்டுபிடிப்பதை, அவசரக்காரர் புது மெஷினில் விட்டுவிடுவார்.

இதில் நோயாளியின் பங்கும் உண்டு. பித்தப்பை பார்க்க வேண்டுமென்றால் சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது கடினம். கர்ப்பப்பை, சினைப்பை, புராஸ்டேட் பார்க்க வேண்டுமென்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலை மேலே தள்ளிவிட்டு, ஒலி உள்ளே போக வழி கொடுக்கும். ஒலிக்கு எதிரி காற்று. தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவில் மெல்லிய காற்று இருந்தாலும் படம் வராது, அந்தக் குளிர்ந்த ஜெல் அதற்காகத்தான். குடலில் காற்று நிறைந்திருந்தாலும், உடம்பு பருமனாக இருந்தாலும் உள்ளே ஆழமாகப் பார்க்க முடியாது. ரிப்போர்ட்டில் "கணையம் குடல் காற்றால் மறைந்துள்ளது" என்று எழுதியிருந்தால் கணையத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். கணையம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. குழந்தைகளுக்கு அப்பெண்டிக்ஸ் பார்க்கும்போதும் இதே கதை. வீங்கிய அப்பெண்டிக்ஸ் தெரிந்தால் விஷயம் முடிந்தது. அப்பெண்டிக்ஸே தெரியவில்லை என்றால் ஒன்றும் முடியவில்லை.

சிடிக்கு வருவோம். லண்டனில் 1971 அக்டோபரில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணக்கு வழியைத் தனியாகக் கண்ட கார்மக்குக்கும் 1979-ல் நோபல் கிடைத்தது. எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுழன்று, ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 100-ஐ ஒட்டி, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும். அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கசிந்த ரத்தம் மூளைத் திசுவைவிட அதிக எண் காட்டுவதால் வெள்ளையாகத் தெரியும்.

இந்த ஒரு குணத்துக்காகவே சிறிய மருத்துவமனையிலும் சிடி இருப்பது உயிர் காக்கும் விஷயம். ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, கை விழுந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா? வெளியிலிருந்து பார்த்து எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டும், அறிகுறி தொடங்கி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள். வெடிப்பு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடலாம். சிடி சில நிமிடங்களில் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இங்கே ஒரு விஷயம் பலரையும் குழப்பும்: அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் சிடி நார்மலாகவே இருக்கலாம். "ஸ்கேன் நார்மல், ஆனால் பக்கவாதம்" என்று டாக்டர் சொன்னால் முரண்பாடு இல்லை. அவர் தேடியது ரத்தக் கசிவை. அது இல்லை என்பதுதான் அவருக்கு வேண்டிய பதில். புதிய அடைப்பை அந்த நேரத்திலேயே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு எம்ஆர்ஐ.

கிட்னி கல்லுக்கும் சிடிதான் முதலிடம், அதுவும் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாத யூரிக் அமிலக் கல்கூடச் சிடியில் தெரிந்துவிடும். பித்தப்பைக் கல்லுக்கு நேர் எதிர் கதை, பாருங்கள். இரண்டும் கல்தான், ஆனால் ஒன்றுக்கு அல்ட்ராசவுண்ட், மற்றதற்குச் சிடி.

கான்ட்ராஸ்ட் ஊசி பற்றிப் பயம் நிறைய. அது அயோடின் கலந்த மருந்து. ரத்தக்குழாய், ஈரல், கட்டி ஆகியவற்றை எடுத்துக் காட்டும். உள்ளே போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகம் நக்கியது போல ஒரு ருசி வரும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது. முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் பதறுவதில்லை. சொல்லாமல் ஊசி போட்டால் நடுவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், படம் வீண். மீன், இறால் அலர்ஜி இருந்தால் இந்த ஊசியே ஆகாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் இல்லை. எங்களுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது மூன்று: முன்பு இதே ஊசிக்கு ஒவ்வாமை வந்திருக்கிறதா, கிட்னி எப்படி இருக்கிறது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா. கிட்னி பலவீனமாக இருந்தால் மெட்ஃபார்மினை இரண்டு நாள் நிறுத்தி, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைத் திரும்பப் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை வரும்வரை காக்க வைப்பது இதற்காகத்தான். அவசரம் என்றால் காத்திருக்க மாட்டார்கள்.

எம்ஆர்ஐ எல்லாச் சிறிய மருத்துவமனையிலும் இருக்காது. இருந்தாலும் எல்லா நாளும் ஓடாது, வண்டியில் ஏற்றிய மெஷின் வாரத்தில் சில நாள் வந்து போகிற இடங்களும் உண்டு. வழக்கமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவானது. சுருளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் குளிர வைத்திருப்பதால் அந்தக் காந்தம் இரவு பகல், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எப்போதும் ஆன். ஸ்கேன் ஓடவில்லையே என்று அறைக்குள் எட்டிப் பார்ப்பதுதான் ஆபத்து. 2001-ல் நியூயார்க் மாநிலத்தில், எம்ஆர்ஐ அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காந்தத்தால் இழுக்கப்பட்டுப் பறந்து, உள்ளே படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அதனால் வாசலில் நிற்கிற டெக்னீஷியன் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் மட்டும் அல்ல. மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்களின் கண்ணில் தூசி அளவு இரும்புத் துகள் தெரியாமலே தங்கியிருக்கலாம். அது காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம்.

எம்ஆர்ஐக்கு உரிய இடம் மூளை, தண்டுவடம், மூட்டு ஜவ்வு, தசை, இடுப்புக்குள் இருக்கும் உறுப்புகள், பித்தக்குழாய். உங்கள் அப்பாவுக்குக் கல் பையிலிருந்து நழுவிப் பித்தக்குழாயில் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், அப்போது எம்ஆர்ஐ சரியான அடுத்த படி. முதல் நாளே எடுப்பது வீண்.

எம்ஆர்ஐ அதிகமாகக் கேட்டு வாங்கப்படுவது முதுகு வலிக்கு. இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2015-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. இருபதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீங்கித் தள்ளியிருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை. அப்படியென்றால் நாற்பத்தைந்து வயதில் முதுகு பிடித்துக்கொண்டு எம்ஆர்ஐ எடுக்கிறவரின் ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்ற சொல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தச் சொல்லைப் படித்த நாளிலிருந்து குனியப் பயந்து, வேலையை விட்டவர்களும் உண்டு. கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது, பெரிய அடி, இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். வெறும் வலி என்றால் சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பதே பெரும்பாலான டாக்டர்கள் சொல்வது. அது அலட்சியம் இல்லை.

கதிர்வீச்சுப் பயத்துக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் அந்த வகைக் கதிர் இல்லவே இல்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம். மீதிக்கு எண்களைப் பார்த்தால் பயம் தானாகச் சரியான அளவுக்கு வரும். மண், காற்று, சாப்பாடு, வானம் எனச் சும்மா இருந்தாலே நமக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கிடைக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதிகபட்சம் 0.1, நல்ல டிஜிட்டல் மெஷினில் அதற்கும் கீழ், சில நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். தலை சிடி சுமார் 2, ஏறக்குறைய ஒரு வருடம். வயிறு சிடி 8-ஐ ஒட்டி, மூன்று வருடத்துக்கு மேல். ஆக உங்கள் அப்பா வாங்கிக்கொண்ட கதிரில் பெரும்பங்கு அந்த ஒரு சிடியில் வந்தது, அல்ட்ராசவுண்டில் பூஜ்யம். அவர் வயதில், அந்த வலிக்கு, அந்த ஒரு ஸ்கேனால் வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவது அதைவிடப் பெரியது. குழந்தைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்களின் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, முன்னால் வாழ்நாளும் நீளமாக இருக்கிறது. அதனால் குழந்தைக்கு முடிந்தவரை அல்ட்ராசவுண்ட். சிடி எடுத்தே ஆக வேண்டுமென்றால் குழந்தையின் எடைக்கு ஏற்ப மெஷின் அளவைக் குறைத்து எடுக்க வேண்டும். "குழந்தைக்கு உரிய அளவில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நல்ல டெக்னீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் கைக்குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகத் தூக்கலாம். பொத்தானை விட்ட கணமே கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் அறையில் மிச்சம் இருக்காதே, அப்படித்தான். கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குத் தனி அறிவுரை எழுதிக் கொடுப்பார்கள். ஈயக் கவசம் போடவில்லையே என்று இன்னொரு புகார். முன்பெல்லாம் அடிவயிற்றில் வைப்போம். 2019-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. கவசம் சில நேரம் பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்து, திரும்ப எடுக்க வைக்கிறது. கவசம் படத்துக்குள் வந்துவிட்டால் தானியங்கி மெஷின் கதிரைக் கூட்டிவிடவும் செய்யும். பல இடங்களில் அதனால் நின்றுபோயிருக்கிறது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். கை, கால், நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது கணக்கில் வராத அளவு. அடிவயிறு சிடி என்றால்தான் யோசிப்போம்.

அடுத்து, படம் எடுத்தவர் ஏன் வாய் திறக்கவில்லை. டெக்னீஷியனுடைய படிப்பும் பொறுப்பும் படத்தைச் சரியாக எடுப்பது. அதைப் படித்து நோயைச் சொல்வது ரேடியாலஜிஸ்ட் வேலை. எனக்குப் பார்த்தால் தெரியாதா என்றால், நிறையத் தெரியும். ஆனால் நான் ஒன்று சொல்லி, ரிப்போர்ட்டில் வேறு வந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள். அதனால் முகத்தையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். திரும்ப ஒரு படம் எடுத்தால், "ஏதோ பெரிதாக இருக்கிறது" என்று கலங்குவார்கள். பெரும்பாலும் மூச்சு விட்டிருப்பார், அசைந்திருப்பார், அல்லது சட்டைப் பொத்தான் படத்தில் விழுந்திருக்கும்.

சிறிய மருத்துவமனையில் இரவில் ரேடியாலஜிஸ்ட் இருக்க மாட்டார். படங்கள் நெட்வொர்க் வழியாக வேறு ஊரிலிருப்பவருக்குப் போகும். அவர் படித்து ரிப்போர்ட் அனுப்புவார். எல்லாக் கம்பெனி மெஷினும் டைகாம் என்ற ஒரே வடிவத்தில் படத்தைச் சேமிப்பதால் இது சாத்தியமாகிறது. மூளையில் ரத்தம், நுரையீரல் சுருங்கியது போல அவசரமானது எதையாவது கண்டால் ரிப்போர்ட் தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் நேராக டாக்டருக்கு போன் வரும். அவசரமில்லாதது வரிசையில் நிற்கும்.

தூரத்தில் இருக்கிற அந்த ரேடியாலஜிஸ்ட் உங்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கேன் சீட்டில் எழுதியிருப்பதுதான். "வயிற்று வலி, சிடி வயிறு" என்று மட்டும் ஒரு சீட்டு வரும். இன்னொன்றில் "வலது மேல் வயிற்று வலி 2 நாள், காய்ச்சல், சாப்பிட்டதும் அதிகம், 5 வருடம் முன் குடல் அறுவை, அல்ட்ராசவுண்டில் பித்தப்பைச் சுவர் தடிப்பு, சீழ் உண்டா?" என்று இருக்கும். ஒரே படம்தான், ஆனால் இரண்டாவது சீட்டோடு வந்த படத்துக்குக் கிடைக்கும் ரிப்போர்ட் நிச்சயமாகக் கூர்மையாக இருக்கும். எங்கே உற்றுப் பார்ப்பது, எதை ஒதுக்குவது என்று தெரியும். பழைய அறுவை சிகிச்சை விஷயத்தை எழுதாமல் விட்டால், அந்த மாற்றங்களையே புது நோயாக நினைக்க வாய்ப்புண்டு. சீட்டை எழுதுவது டாக்டர்தான், ஆனால் நீங்கள் வாங்கிப் பார்த்து, "போன வருடம் ஆபரேஷன் ஆனதை எழுதவில்லையே, சேர்த்துவிடுகிறீர்களா?" என்று கேட்கலாம். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசியில் உள்ள "இம்ப்ரெஷன்" என்ற முடிவுச் சுருக்கப் பகுதியை மட்டும் படித்துவிட்டு இணையத்தில் தேட ஆரம்பிப்பது பொதுவான வழக்கம். ஸ்கேன் கேட்காத விஷயத்தையும் காட்டும்: கிட்னியில் சாதாரண நீர்க்கட்டி, ஈரலில் சின்ன ரத்தக்குழாய் முடிச்சு, அட்ரினல் சுரப்பியில் சிறு வளர்ச்சி. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு இப்படி ஒன்றிரண்டு இருப்பது சகஜம், பெரும்பாலும் தீங்கற்றவை. சிலவற்றை மட்டும் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். "அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தால் ரேடியாலஜிஸ்ட் நழுவுகிறார் என்று நினைக்க வேண்டாம். படம் பாதிவரைதான் சொல்கிறது, மீதியை நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள்.

சரி, சின்ன மருத்துவமனையை நம்பலாமா? எலும்பு முறிவு, நெஞ்சு, வயிற்று அல்ட்ராசவுண்ட், கர்ப்பகால ஸ்கேன், கிட்னி கல், தலையில் அடி, பக்கவாதத்தின் முதல் சிடி, இவற்றுக்குத் தாராளமாக நம்பலாம். இதற்காகப் பெரிய இடம் தேடி அலைவதால் நேரம்தான் போகும். பக்கவாதத்தில் நேரம் போவது என்றால் மூளை போவது. கட்டியின் தன்மையை அலசுவது, குழந்தை இதயம், சிக்கலான மூட்டு எம்ஆர்ஐ, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுப்பது ஆகியவற்றுக்கு அதையே தினமும் செய்கிற இடம் நல்லது. மெஷின் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் மாதம் ஒன்று பார்க்கிறவருக்கும் தினம் பத்துப் பார்க்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கும். ஒரு மருத்துவமனையை எடைபோட வேண்டுமென்றால் டெஸ்லா எத்தனை, எத்தனை ஸ்லைஸ் சிடி என்று விசாரிக்காதீர்கள். ரிப்போர்ட் யார் எழுதுகிறார், இரவில் யார் பார்க்கிறார், பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுதுகிறார்களா, சந்தேகம் இருந்தால் டாக்டர் அவரோடு நேராகப் பேச முடியுமா என்று விசாரியுங்கள்.

உங்கள் அப்பாவை மேற்சிகிச்சைக்கு வேறு இடத்துக்கு அழைத்துப் போவதாக இருந்தால், ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சிடி படங்களை சிடி தட்டிலோ பென் டிரைவிலோ டைகாம் வடிவத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சடித்துத் தருவது நூற்றுக்கணக்கான படங்களில் பொறுக்கி எடுத்த கொஞ்சம்தான். செல்போனில் ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்து எடுத்த போட்டோ யாருக்கும் உதவாது. முழுப் படமும் கையில் இருந்தால் அங்கே உள்ளவர்கள் தங்கள் திரையில் திறந்து அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பல நேரம் இன்னொரு சிடி தேவைப்படாது, அந்த 8 மில்லிசீவர்ட் மிச்சம். அல்ட்ராசவுண்டைத் திரும்பச் செய்யத்தான் செய்வார்கள். அதற்கு மட்டும் ஆட்சேபணை சொல்லாதீர்கள், காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போங்கள்.